திரும்பி வந்த பாரம்

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு, என் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கலங்கி வந்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மறுபடியும் தொற்று. மூன்றாவது முறை.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர்களில் சிலர் வீட்டிலேயே இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். வயிற்றில் ஒரு குழாய். அதன் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில் இதை நான் தனியாகவே செய்துவந்தேன். சன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, முகக்கவசம் போடு, கையைக் கழுவு என்று செய்முறைப் புத்தகத்தில் ஒவ்வொரு படியாகப் போட்டிருக்கும். நான் ஒரு படியையும் விட்டதில்லை. விட்டவர்களுக்குத்தான் தொற்று வரும் என்று அதே புத்தகம் சொல்கிறது. எனக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கவிதா கட்டிலருகே நின்று வயிற்றை அழுத்திப் பார்த்தார். என் சிறுநீரகத்தைப் பார்க்கும் டாக்டர் அவர். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால்.

"அங்கிள், இனிமே வயிறு தாங்காது. மெஷினுக்குப் போயிடணும்."

"எந்த மெஷினுக்கு?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். நம் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வரும் உங்களுக்குத்தான் அப்போது தெரியாது. பல வருஷம் உங்கள் நடுவே உட்கார்ந்து, சர்க்கரை நோய் என்று சொல்லிவந்தேன். அது பொய். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பதினெட்டு வருஷமாக.

எப்படி வந்தது என்று கேட்டால் நம் ஆட்களுக்கு மரியாதையான பதில்கள் இரண்டுதான் உண்டு. இரத்தம் ஏற்றியதில் வந்தது, ஊசியில் வந்தது. என் பதில் அந்த இரண்டும் இல்லை. நாற்பது வயது, கல்யாணமாகாதவன், மாற்றலாகி வெளியூரில் தனியாக இருந்தவன். அதற்குமேல் எழுத இந்தக் கோயில் இதழில் இடம் போதாது.

தினமும் மாத்திரை சாப்பிட்டேன். கிருமி அடங்கிவிட்டது. பல வருஷமாகப் பரிசோதனையில் அது தென்படவே இல்லை. ஆனால் இரத்த அழுத்தமும், ஆரம்பத்தில் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன.

கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே ஓரமாக, என்னைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஓர் இயந்திரத்தில் வாரம் மூன்று நாள் சுத்தம் செய்தார்கள். வெளியே நிரந்தரமாக ஓர் இடம் தேடிக்கொள்ளச் சொன்னார்கள். சாலாக் செலாத்தானில் கேட்டேன், கிள்ளானில் கேட்டேன், சுங்கை பூலோ பக்கம் கேட்டேன். போனில் கேட்டபோது இடம் இருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பியதும் அந்த இடம் நிரம்பிவிட்டது. நான் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். முடியாது என்பதை எத்தனை விதமான மரியாதையோடு சொல்லலாம் என்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. போனில் பேசிய பெண்கள் என்னைவிட நன்றாகச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் நான் மிகவும் களைத்துப்போனேன். அழுகை வரவில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்னால் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று படித்துப் பார்த்தேன். அதற்கும் ஒரு செய்முறை இருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்கு நடந்து வந்தேன். சரஸ்வதி டீச்சர் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர், நட்சத்திரம், கோரிக்கை எழுதிய சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றாக முருகன் சந்நிதியில் உரக்கப் படிப்பார். எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வோம். என் சீட்டில் நான் எழுதியது இதுதான்: பரமசிவம், கேட்டை, சிறுநீரகக் கோளாறு நீங்க. மற்ற விவரம் முருகனுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

சித்திரை மாதத்தில் டாக்டர் கவிதா ஒரு நாள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அங்கிள், யாராச்சும் கிட்னி குடுத்தா மாத்தி வைக்கலாம்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். வெளிநாட்டுல செய்றாங்க. கிருமி அடங்கி இருக்கணும், எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கணும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. இங்க அதிகமா செஞ்சதில்ல, நான் பொய் சொல்லல. ஆனா முடியாதுன்னு யாரும் சொல்லல."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எத்தனை விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும் என்றுதான் கேட்டேன்.

கொடுப்பதற்கு ஒரே ஆள்தான். என் தங்கை லோகேஸ்வரி. கிள்ளானில் இருக்கிறாள். அவளிடம் நான் கேட்கவில்லை. கிட்னி மாற்றலாம் என்கிறார்கள் என்று போனில் சொன்னேன், அவ்வளவுதான்.

"எனக்கு என்ன குரூப்பு, உங்களுக்கு என்ன குரூப்பு?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஓ."

"அப்புறம் என்னண்ணே? என்னைக்கு வரணும்?"

இதைக் கேட்டு நான் நியாயமாக உருகியிருக்க வேண்டும். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் லோகாவுக்கும் நான் சர்க்கரை நோய் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் பலமுறை கிள்ளானிலிருந்து வந்துபோனாள். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இருதயம் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. நான் என் பங்குப் பாரங்களை நிரப்பி, நகல் எடுத்து, தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கட்டு திரும்பி வந்தது. மேல் பக்கத்தில் டாக்டர் கவிதா பென்சிலில் இரண்டு மலாய்ச் சொல் எழுதியிருந்தார். தீடாக் லெங்காப்.

விவரம் முழுமையில்லை என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லுக்கு என் மேசையில் ஒரு சாப்பு இருந்தது. நானே சொல்லிச் செய்த ரப்பர் முத்திரை, சிவப்பு மை. எஸ்டேட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர்களின் பாரத்தில், ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், முகத்தைப் பார்க்காமல் அதை அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். என்ன விட்டுப்போச்சு சார் என்று கேட்பார்கள். படிச்சுப் பாருங்க என்பேன். படிக்கத் தெரியாதவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

இப்போது நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

அவர் காட்டினார். உறுப்பு பெறுபவரின் நோய் விவரம் அனைத்தும் கொடுப்பவருக்கு விளக்கப்பட்டதா? அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"நீங்க சொல்லக்கூடாதா?"

"உங்க சம்மதம் இல்லாம நான் சொல்ல முடியாது, அங்கிள். அவங்களுக்குத் தெரியாம நான் கிட்னிய எடுக்கவும் முடியாது. வேணும்னா மூணு பேரும் சேந்து உட்காந்து பேசலாம்."

"சொன்னா மாட்டேன்னுட்டா?"

"மாட்டேன்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு."

எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. பிறகு முருகன்மேல். சிறுநீரகம் வேண்டும் என்று கேட்டால், கட்டம் காலி என்று பாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடவுள் என்ன கடவுள்? வெள்ளிக்கிழமைச் சீட்டு அன்று சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துப் படித்தேன். பரமசிவம், கேட்டை, சிறுநீரகக் கோளாறு நீங்க. என் மேசைக்கு இப்படி ஒரு மனு வந்திருந்தால் நானும் சாப்பு அடித்துத்தான் அனுப்பியிருப்பேன். அந்த எண்ணம் வந்த பிறகு என்னால் கோபத்தைத் தொடர முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லோகா கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து பேசலாம் என்றாரே டாக்டர், அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசோதனை முடிந்ததும் கேஎல் சென்ட்ரலில் அவளைக் கிள்ளான் ரயிலில் ஏற்றிவிடப் போனேன். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்பண்ணே வருமாம்?"

"இருபது நிமிஷம்னு போட்டிருக்கு. அப்படின்னா நாப்பது."

அவள் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தாள். "பாயசம். சீனி போடல. உங்க மாப்பிள்ள ஒரு வாய் குடிச்சிட்டு, இது பாயசமா இல்ல கஞ்சியான்னு கேக்குறாரு."

நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். "லோகா, எனக்குச் சர்க்கரை இல்ல."

"கொறஞ்சிருச்சா?"

"எப்பவுமே இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்ப சீனி இல்லாத பாயசம் இத்தன வருஷம் நான் யாருக்கு வச்சேன்?"

அதன் பிறகு சொன்னேன். எச்.ஐ.வி. என்ற மூன்று எழுத்தையும் சொன்னேன். பதினெட்டு வருஷம் என்று சொன்னேன். மாத்திரையில் அடங்கி இருக்கிறது, அவளுக்கு இதனால் ஆபத்தில்லை, ஆனால் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னேன். அலுவலகச் சுற்றறிக்கை படிப்பது போலத்தான் சொன்னேன். எனக்கு வேறு விதமாகப் பேச வராது.

அவள் கையை நீட்டி என் மடியிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"அந்த டம்ளர் இதுக்குத்தானா?" என்றாள்.

அந்த டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லோகா வீட்டுக்குப் போகும்போது நான் பையில் என் சொந்த எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுற்றி எடுத்துப் போவேன். சாப்பாடு வாழையிலையில். தண்ணீரும் தேத்தண்ணியும் என் டம்ளரில்; அவள் வீட்டு மங்கில், பீங்கான் கோப்பையில், வாய் வைத்ததில்லை. குடித்து முடித்ததும் நானே கழுவி மறுபடி சுற்றி வைத்துவிடுவேன்.

"ஆமா."

"மங்குல குடிச்சா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் எடுத்துட்டு வந்தீங்களா?"

அந்த நோயைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் படித்தவன் நான். ஒட்டாது என்பது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

லோகா தணிந்த குரலில்தான் பேசினாள். "கல்யாணத்தப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு நெனப்பு இருக்கா? எஸ்.பி.எம். பரீட்சை கூட தேறாதவன், லோரி ஓட்டுறவன்னு சொன்னீங்க. அப்புறம் டம்ளரோட வந்தீங்க. எங்க வீட்டு மங்குல வாய் வைக்க உங்களுக்குக் கேவலமா இருக்குன்னு நெனச்சோம். ஒரு தீவாளிக்கு அவரு உங்களுக்குன்னே புது மங்கு செட்டு வாங்கியாந்தாரு, பூப்போட்டது. நீங்க அதையும் தொடல. அன்னைக்கு அவரு சாப்பிடல. உங்களுக்குத் தெரியுமா அது?"

தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நினைத்திருந்த அந்தக் காலம் முழுவதும் அது தெரியாது.

ரயில் வந்தது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். கையசைக்கவில்லை. நான் பாயசத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

புதன், வியாழன், போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் சீட்டை எடுத்து முழு விவரமும் எழுதினேன். பெயர், நட்சத்திரம், எச்.ஐ.வி., பதினெட்டு வருஷம், டம்ளர், லோகாவின் கணவர் சாப்பிடாத தீபாவளி. சீட்டு போதாமல் பின்பக்கமும் எழுதினேன். பெட்டியில் போட மட்டும் கை வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சந்நிதியில் நின்றபோது சிறுநீரகம் கேட்கத் தோன்றவில்லை. லோகா போன் செய்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு சின்ன விஷயத்தை நான் கடவுளிடம் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. லோகாவின் கணவர் சேகர். டிரெய்லரைக் கழற்றிவிட்டு லோரித் தலையோடு மட்டும் வந்து, கீழே ரோட்டை அடைத்து நிறுத்தியிருந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். நேராகச் சமையலறைக்குப் போனார். பொட்டலத்தைப் பிரித்தார். பூப்போட்ட மங்கு. குழாயைத் திறந்து கழுவி, பானைத் தண்ணீரை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"குடிங்க மச்சான்."

"எனக்குத் தண்ணி அளவு இருக்கு, மாப்பிள்ள. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான்."

"அப்ப அரை மங்கு குடிங்க."

நான் தயங்கினேன். அவர் மங்கைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் மச்சான், என் பொண்டாட்டி கிட்னி வேணும், என் வீட்டு மங்கு வேணாமா?"

குடித்தேன். அவர் மீதியைத் தான் குடித்தார். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் குடித்துவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் வந்துடாதுல்ல?" என்றார்.

"வராது. ஆபரேஷன்ல இருக்குற ஆபத்து இருக்கு. அது எல்லாருக்கும் உள்ளது. என் நோயி அவளுக்குப் போகாது. ஆனா மாப்பிள்ள, என் வாய்ச்சொல்ல நம்ப வேணாம். நீங்களும் வந்து டாக்டர நேரா கேளுங்க."

"கேக்கத்தான் போறோம். செவ்வாக்கிழமை லீவு எடுத்துட்டேன். அவ உங்கமேல கோவமாத்தான் இருக்கா. கிட்னிய குடுத்துட்டு அப்புறம் பேசிக்கிறேன்னு சொல்றா."

கீழே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சேகர் எழுந்து, மங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கவிதா அவர்கள் இருவரையும் தனியாக உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். பிறகு, எங்களைச் சேராத இன்னொரு டாக்டர், யாராவது வற்புறுத்துகிறார்களா என்று லோகாவை மட்டும் அழைத்துக் கேட்டார். "என்னை வற்புறுத்த இந்த ஊருல ஆள் இல்ல டாக்டர்" என்று அவள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். காலியாக இருந்த கட்டத்தில் அவள் கையெழுத்து வந்தது.

ஆவணி மாதம் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே என் பழைய மாத்திரைகளில் ஒன்றை மாற்றினார்கள். புது உறுப்பைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்தோடு அது சண்டை போடுமாம். கண் விழித்தபோது கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னுடையதை, இல்லை, லோகாவுடையதை, நான் பார்த்தேன். அந்த மஞ்சள் நிறத்தை இதற்குமேல் வர்ணித்தால் இதழாசிரியர் வெட்டிவிடுவார்.

அற்புதம் அங்கேயே முடிந்தது என்று எழுத ஆசைதான். மூன்றாவது வாரம் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளப் பார்த்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். அடங்கியது. கை நடுங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது, மாத்திரைப் பெட்டி என் பழைய மேசை இழுப்பறை அளவுக்கு இருக்கிறது. களைப்பு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் காலையில் கட்டிலில் உட்கார்ந்திருப்பதில்லை. எழுந்து போக ஓர் அவசரம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய வரம் என்று உங்களில் யாருக்கும் தெரியாமலே போகட்டும்.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கவிதா சொன்னார், "அங்கிள், கொஞ்ச மாசத்துக்கு உங்களுக்குன்னு தனி டம்ளர் வச்சுக்குங்க. இப்ப மத்தவங்க கிட்ட இருந்து உங்களுக்குத் தொத்தக்கூடாது." பக்கத்தில் நின்ற லோகா தலையில் கைவைத்துக்கொண்டாள். சேகர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். எனக்கென்று வைத்த தனி டம்ளர் அந்தப் பூப்போட்ட மங்குதான். லோகா வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதமும் அவள் அதைக் கொதிநீரில் கழுவித் தனியே கவிழ்த்து வைத்தாள். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த மங்கு கையில் வருகிறதோ அதில் குடிக்கிறேன். பாயசத்தில் சீனி போடுகிறாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

தைப்பூசம் முடிந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தேன். முன்பு எழுதி, போடாமல் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டேன். டீச்சர் தன் முறைப்படி எடுத்துப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். படிங்க டீச்சர் என்றேன். பின்பக்கமும் படித்தார். அன்று வந்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் பாய்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. எனக்கு வருத்தமில்லை. பதினெட்டு வருஷம் படித்தும் என் கைக்குத் தெரியாதது, ஒரு வெள்ளிக்கிழமையில் உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது.

அன்று பூஜை முடிந்து எல்லாரும் போன பிறகு ஓர் அம்மா வந்து என்னருகே உட்கார்ந்தார். அவர் பெயர் வேண்டாம். "என் மகனுக்கும் சர்க்கரைன்னுதான் சொல்லிட்டு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பையனை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

நான் முருகனிடம் சிறுநீரகம் கேட்டேன். முதலில் பாரத்தைத் திருப்பி அனுப்பினான். அதையும் பதில் என்று எடுத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உங்களில் யாராவது பாதி எழுதிய சீட்டோடு வந்துகொண்டிருந்தால், மீதியையும் எழுதிப் போடுங்கள். உரக்கப் படிக்க வேண்டாம் என்றால் டீச்சர் படிக்காமல் பாதத்தில் வைப்பார், கேட்டுவிட்டேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன், இந்த முறை முகத்தைப் பார்த்து. மண்டபத்தின் இடது பக்கம், மூன்றாவது தூணருகே இருப்பேன். வந்து உட்காருங்கள். என் பக்கத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.